நாற்பத்தொன்றாம் வில்லை

விசிலம்மாவின் கண்ணில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. கண் டாக்டர் அதை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார். "கடைசி வரியைக்கூட மூச்சு விடாம படிக்கிறீங்களே, உங்களுக்கு எதுக்கும்மா கண்ணாடி?" என்றார். அவள் கேட்கவில்லை. "இல்லீங்க, எங்கயோ பிசகு இருக்கு, இன்னொரு தடவை நல்லாப் பாருங்க" என்று நாற்காலியை விட்டு எழ மறுத்தாள். தொல்லை தாங்காமல் இருப்பதிலேயே குறைந்த பவரில் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார் டாக்டர். அதன் பிறகு இருபத்தெட்டு வருஷம் அவள் அதை மூக்கிலிருந்து இறக்கவில்லை.

அன்று நாற்காலிக்குப் பக்கத்தில் அவளுடைய பன்னிரண்டு வயது மகள் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் கண் சரியாகத்தான் இருக்கிறது என்பது அந்த அறையில் டாக்டரைவிட நன்றாகத் தெரிந்தது மகளுக்கு. வாயைத் திறக்கவில்லை.

அப்பா லாரி ஓட்டுநர். கோடை முழுவதும் அவருக்குச் சாலைதான் வீடு. அதனால் பள்ளி மூடிய மறுநாளே அம்மா ஒரு பெட்டியையும் மகளையும் இழுத்துக்கொண்டு ஏரிக்கரை முகாமுக்கு வேலைக்கு வந்துவிடுவாள். நகரத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு இரண்டிரண்டு வாரம் வந்து தங்கும் இடம் அது. சரிவில் பன்னிரண்டு மரக்குடில்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு அடுக்குக் கட்டில், ஆணியில் ஒரு லாந்தர், வாசலில் செருப்புச் சேற்றை வழிக்க ஓர் இரும்புப் பட்டை. மின்சாரம் சமையல் கொட்டகையோடு நின்றுவிடும். குளிக்கும் தண்ணீரைக் கைப்பம்பில் அடித்து வாளியில் சுமக்க வேண்டும். "வீட்ல குழாயைத் திருகக்கூட ஆள் தேடுவாரு. இங்க பாருங்க, பம்பைப் போட்டு என்னா அடி அடிக்கிறாரு!" என்று மனைவிகள் கணவர்களைக் காட்டிச் சிரிப்பார்கள்.

ஏரி விசிலம்மாவின் பொறுப்பு. காலையில் அளவு குறித்த கழியை மூன்று இடங்களில் இறக்கி ஆழம் பார்ப்பாள். மிதவைக் கயிற்றை முனைக்கு முனை இழுத்துப் பார்ப்பாள். படகுத்துறைப் பலகைகள் மேல் வெறுங்காலோடு நடப்பாள். எங்காவது ஆணி தலை தூக்கியிருந்தால் அது முதலில் தன் காலைத்தான் குத்த வேண்டும் என்பது அவள் கணக்கு. பத்து மணிக்குக் கழுத்தில் விசிலோடு வில்லைப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் கண்கொத்திப் பாம்புதான்.

அந்தப் பலகையைச் சொல்ல வேண்டும். அறுபது ஆணி, அறுபது தகர வில்லை. ஒவ்வொன்றிலும் ஓர் எண். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. தண்ணீரில் இறங்கும்போது உன் வில்லையைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும். ஏறியதும் வெள்ளைக்குத் திருப்ப வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஒரு விசில். எல்லாரும் நின்ற இடத்தில் நிற்க, சிவப்பையும் தலைகளையும் எண்ணி ஒப்பிடுவாள்.

"உன் வில்லையை உன் கைதான் தொடணும். அண்ணன் திருப்பினான், சிநேகிதி திருப்பினாங்கிற கதையெல்லாம் என்கிட்ட வேகாது" என்பாள். பெரியவர்களுக்கும் அதே சட்டம்தான். தொப்பை வைத்த ஒருவர் ஒருமுறை கேட்டார்: "ஏம்மா, மீனுங்களுக்கும் வில்லை குடுத்திருக்கீங்களா?"

"குடுத்திருக்கேன் சார். அதுங்க ஒழுங்காத் திருப்புதுங்க. நீங்கதான் மறந்துட்டு வந்து நிக்கிறீங்க."

மூன்று நீண்ட விசில் என்றால் ஆளைக் காணோம் என்று அர்த்தம். பெரியவர்கள் கை கோத்துச் சங்கிலியாகி ஆழமில்லாத பக்கத்தை மிதித்துத் தேட வேண்டும். ஆழத்தில் அவள் குதிப்பாள். ஒன்பது கோடைகளில் ஒருமுறைகூட அந்த மூன்று விசில் ஊதப்படவில்லை. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதான கோடையில் ஏழாம் குடிலுக்கு மூன்று பெண்கள் வந்தார்கள். நகரத்துப் பெண்கள். மகளைச் சேர்த்துக்கொண்டார்கள். விசிலம்மா தன் அம்மா என்று மகள் அவர்களிடம் சொல்லவில்லை. பொய் சொன்னாள் என்றும் சொல்ல முடியாது. எல்லாரும் விசிலம்மா என்றார்கள், அவளும் விசிலம்மா என்றாள். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டபோது "பின்னாடி" என்றாள். பின்னாடி சமையல் கொட்டகையை ஒட்டி வேலையாட்களின் அறை இருந்தது.

ஐந்து நாள் தாக்குப்பிடித்தது. ஆறாம் நாள் நாணல் பக்கம் நால்வரும் நீந்திக்கொண்டிருந்தபோது துறையிலிருந்து அம்மாவின் குரல் ஏரி முழுக்கக் கேட்டது. "அடியே! முள்ளுப் பக்கம் போகாதே! அந்த நீச்சல் டிரஸ்ஸைக் கிழிச்சு வெக்காதே, மேனேஜர் பொண்ணு போட்டது, இன்னும் ரெண்டு வருஷம் உனக்கு வரணும்!"

மூன்று பெண்களும் அவளைப் பார்த்தார்கள். பிறகு டிரஸ்ஸைப் பார்த்தார்கள்.

"அவங்க உங்கம்மாவா?"

மகள் டிரஸ்ஸின் தோள்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்போ நீ இங்க வேலை பாக்குறவங்க பொண்ணா? சொல்லவே இல்லையே." அந்தப் பெண் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். இன்னொருத்தி தண்ணீருக்குள் வாயை வைத்துக் குமிழி விட்டாள், சிரிப்பை மறைக்கத்தான்.

மகள் நாணலுக்குள் புகுந்து, சேற்றில் கால் புதையக் கரையேறி, விறகுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தாள். படகுத்துறைப் பக்கம் போகவில்லை. அங்கே அம்மா இருந்தாள். பலகையும் அங்கேதான் இருந்தது. அவளுடைய நாற்பத்தொன்றாம் வில்லை சிவப்பாகவே தொங்கியது.

கொஞ்ச நேரத்தில் ஒற்றை விசில் கேட்டது. எண்ணிக்கை. பிறகு ஒரு நிசப்தம். பிறகு மூன்று நீண்ட விசில்.

தனக்காகத்தான் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. 'தேடட்டும்' என்று ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது.

கொட்டகைச் சுவரின் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தாள். அம்மா துறையின் கோடியிலிருந்து குதித்தாள். மேலே வந்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடி உள்ளே போனாள். பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, அழவில்லை. மேலே வந்தாள், உள்ளே போனாள். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட ஓரடி தள்ளி. வரிசை தவறவில்லை. மேலே வந்தபோது ஒருமுறை அம்மாவின் முகம் தெரிந்தது. வாய் கோணியிருந்தது. அந்த மாதிரி ஒரு முகம் அம்மாவுக்கு உண்டு என்று மகளுக்கு அதுவரை தெரியாது. அப்போதுதான் பயம் வந்தது. அம்மாவுக்காக அல்ல. அடி விழுமே என்ற பயம்.

கொட்டகைகளுக்குப் பின்புறமாக ஓடினாள். எல்லாருடைய முதுகும் கரையைப் பார்த்தபடி இருந்தது. பலகைக்குப் போனாள். நாற்பத்தொன்றைத் திருப்பினாள். பிறகு ஒரு துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு, அங்கேயே நின்றிருந்தவள் போல நின்றாள்.

அவளை முதலில் பார்த்தவர் தொப்பைக்காரர்தான். "இதோ நிக்கிறாளேம்மா!" என்று கத்தினார். அதற்குள் சரிவுப் படியில் இறங்கி ஓடி வந்த ஒரு தாய் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து கிடந்தாள். அவள் அலறலில் பிள்ளைகள் எல்லாம் அழத் தொடங்கியிருந்தார்கள்.

அம்மா தண்ணீர் சொட்ட ஏறி வந்தாள். மகளின் தலை, தோள், கை, முழங்கால் என்று மேலிருந்து கீழ்வரை தொட்டுப் பார்த்தாள். உருப்படி எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்ப்பது போல. பிறகுதான் மேனேஜர் வந்தார்.

"என்னம்மா இது? பலகையில வெள்ளையாத்தானே இருக்கு?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நான் பார்த்தப்போ சிவப்பா இருந்துச்சு சார்."

"இப்ப வெள்ளையா இருக்கே."

"சிவப்பா இருந்துச்சு."

மேனேஜர் நல்ல மனிதர். குனிந்து மகளிடம் மெதுவாகவே கேட்டார். "நீ எப்பம்மா திருப்பினே?"

"ஏறினவுடனேயே."

"நிஜமா?"

"நிஜமா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவ்வளவு சுலபம். அம்மா மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தால் மகள் பின்னாளில் அதைப் பிடித்துக்கொண்டாவது பிழைத்திருப்பாள். சந்தேகம் இல்லை. அம்மா மகளை நம்பினாள். பிள்ளை பொய் சொல்லவில்லை என்றால் பொய் சொன்னது கண். அவளுக்கு அது அவ்வளவு நேரான கணக்காக இருந்தது.

"எனக்குத்தான் சரியாத் தெரியலை போலிருக்கு சார்" என்றாள்.

மறுவாரம் கண் டாக்டர். அதற்கு மறுவாரம் விசில் வேறொருவர் கழுத்துக்குப் போனது. அம்மாவைத் துணி வெளுக்கும் அறைக்கு மாற்றினார்கள். போர்வை, தலையணை உறை, துண்டு. இருபத்திரண்டு கோடைகள் அங்கே இருந்தாள். பேர் மட்டும் விசிலம்மா என்றே நின்றுவிட்டது, கேலி போல. துண்டுகளை இரண்டு முறை எண்ணினாள். வீட்டில் அடுப்பைத் திருகி அணைத்துவிட்டு, "அணைஞ்சிருக்கா பாரு" என்று கூப்பிட்டாள். சாலையைக் கடக்கும்போது விளக்கைப் பார்த்துவிட்டு மகளின் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். "பச்சைதானே?"

"பச்சைதாம்மா. வா."

"நல்லாப் பாத்தியா?"

"அய்யோ, வாம்மா."

இப்படி எத்தனை முறை எரிந்து விழுந்திருப்பாள் என்று மகளிடம் கணக்கில்லை. இத்தனைக்கும் கணக்கு வைப்பதுதான் அவள் தொழில். படித்து முடித்து ஓர் ஆலையில் அழுத்தமானிகளைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தாள். கொதிகலனின் அழுத்தமானி சரியாகக் காட்டுகிறதா என்று பிழையில்லாத மூல அளவியோடு ஒப்பிட்டு, பிழை எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். இரண்டு கருவி இரண்டு விதமாகக் காட்டினால் எது தவறு என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. மூன்றாவதை வைத்துப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைத்தான் முதல் நாள் சொல்லுவாள். அம்மாவுக்கு எதிராக அன்று இரண்டு சாட்சி இருந்தது. பலகை ஒன்று, பிள்ளை ஒன்று. இரண்டும் ஒரே கை. மூன்றாவதை யாரும் தேடவில்லை. நாணல் பக்கம் இருந்த மூன்று பெண்களைக்கூட யாரும் கேட்கவில்லை. சரியாகக் காட்டிக்கொண்டிருந்த கருவிக்குப் 'பழுது' என்று சீட்டு ஒட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

முகாமில் அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. ஒவ்வொரு கோடையின் கடைசி நாள் சாப்பாட்டிலும் மேனேஜர் எழுந்து நின்று சொல்வார். பொண்ணு துண்டைப் போர்த்திக்கிட்டு கரையில நிக்குது, அம்மா ஏரிக்குள்ள அதைத் தேடுறாங்க என்ற இடத்தில் எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். மகளும் சிரித்தாள். மகளின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்கு அம்மாவே அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி மாதம். ஒரு மத்தியானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "அன்னிக்கு அது சிவப்பாத்தான் இருந்துச்சுன்னு இன்னமும் எனக்குப் படுது. பைத்தியம் மாதிரி, இல்லே?"

"எதும்மா?" என்றாள் மகள். எது என்று தெரிந்தும்.

"வில்லை."

"கொஞ்சம் தூங்கும்மா."

அப்போது நர்ஸ் காய்ச்சல் பார்க்க வந்தாள். நர்ஸ் போன பிறகும் நேரம் இருந்தது. பதினோரு நாள் இருந்தது.

அம்மா போய் நான்கு மாதம் கழித்து முகாமிலிருந்து கடிதம் வந்தது. பழைய மேனேஜரின் மகன் எழுதியிருந்தான். இப்போது அவன்தான் நடத்துகிறான். சின்ன மேனேஜர் என்று சொல்வார்கள். முப்பத்தொரு கோடைகள் உழைத்தவரின் பெயரைப் படகுத்துறைக்கு வைக்கிறோம், குடும்பத்தோடு வந்து ஒரு வாரம் தங்குங்கள், கடைசி நாள் சாப்பாட்டில் நீங்கள் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று எழுதியிருந்தான். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணோடு மகள் வந்தாள். அந்தப் பெண்ணை வீட்டில் வாண்டு என்பார்கள்.

அம்மாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தாள். அந்த விஷயத்தைச் சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. செத்தவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று பேருந்தில் வரும்போதே ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

முதல் நாள் பத்து மணிக்கு வாண்டுவை ஏரிக்கு அழைத்துப் போனபோது அந்த நியாயம் கவிழ்ந்தது. இப்போது விசில் ஓர் இளம் பெண்ணின் கழுத்தில் இருந்தது. உடற்கல்விக் கல்லூரியில் படிப்பவள், கோடைக்கு மட்டும் வருகிறவள். புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தாள். பலகையின் அடியில் பெயின்டில் மூன்று வரி எழுதியிருந்தது.

வில்லை சிவப்பாக இருந்து ஆள் தெரியாவிட்டால்: ஒன்று, இன்னொருவரும் பலகையைப் பார்க்க வேண்டும். இரண்டு, எல்லாக் குடில்களிலும் தேட வேண்டும். மூன்று, அதன் பிறகே மூன்று விசில்.

"இது எதுக்கு?" என்று மகள் கேட்டாள்.

"அதுவா அக்கா, இங்க முன்னாடி ஒரு அம்மா இருந்தாங்களாம். வெள்ளையைச் சிவப்புன்னு பாத்துட்டு ஊரையே கூட்டிட்டாங்களாம். ஒருத்தருக்குக் கைகூட உடைஞ்சுதாம். அதுக்கப்புறம் போட்ட ரூல்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாண்டு நிமிர்ந்து, "அது எங்க பாட்டி" என்றாள் பெருமையாக.

"அய்யய்யோ, ஸாரிக்கா" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள் அந்தப் பெண்.

மகளுக்கு அது காதில் விழவில்லை. அவள் இரண்டாம் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாக் குடில்களிலும் தேடிய பிறகு. கடைசிக் குடில் சரிவுக்கு மேலே, பம்பையும் தாண்டி இருந்தது. தண்ணீருக்கு அடியில் ஒரு குழந்தைக்கு எவ்வளவு நேரம் உண்டு என்று அவளுக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக இந்தப் பலகைக்குக் கீழேதான் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பலகையிலிருந்து பன்னிரண்டு குடில்களையும் சுற்றி வந்தாள். நடந்தால் ஒன்பது நிமிடம் இருபது விநாடி. மறுநாள் ஓடிப் பார்த்தாள். ஐந்து நிமிடம் நாற்பது. நாற்பது வயதுப் பெண் குடிலுக்குக் குடில் ஓடுவதைப் பார்த்து, "உடம்பைக் குறைக்கவா?" என்று ஒரு மாமி கேட்டாள். "ஆமாங்க" என்றாள்.

மூன்றாம் நாள் ஒரு தாளில் கட்டம் போட்டு எண்களை எழுதி எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போனாள். எண்ணே போதும் என்று நினைத்தாள். எண்ணை வைத்து விதியை மாற்றிவிட்டால் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

சின்ன மேனேஜர் தாளை இரண்டு முறை படித்தான். "நீங்க சொல்றது புரியுதுக்கா. ஆனா இது சும்மா போட்ட ரூல் இல்லை. ஒரு பொய் அலாரத்துல என்ன ஆகும்னு அப்பா கண்ணால பார்த்திருக்காரு. அதுக்கப்புறம் இத்தனை வருஷத்துல எட்டுப் பத்து தடவை வில்லை சிவப்பாவே தொங்கியிருக்கு. எல்லாத் தடவையும் பசங்க குடில்லதான் இருந்தாங்க."

"அடுத்த தடவை இல்லைன்னா?"

"பலகையில தப்பு வராதுக்கா, பாக்குற கண்ணுலதான் தப்பு வரும். உங்கம்மாவே ஒத்துக்கிட்டாங்களே." அவன் சங்கடப்பட்டான். "தப்பா நினைக்காதீங்க. அவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அறையில் அவன் ஒருவன்தான் இருந்தான், கதவும் சாத்தியிருந்தது. தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்த இரண்டு நாளும் நீச்சல் நேரம் முழுக்கப் படகுத்துறையில் நின்றாள். சிவப்பை எண்ணினாள், தலையை எண்ணினாள். "உக்காருங்கக்கா, நான் இருக்கேன்ல" என்றாள் விசில்காரப் பெண். மகள் உட்காரவில்லை. ஒரு பையன் மூழ்கி எழ நான்கு விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுத் துறையின் விளிம்புக்குப் போனாள். ஒரு வார்த்தையைச் சொல்வதற்குப் பதிலாக இப்படி வாரம் முழுக்கக் காவல் நிற்கிறோமே, நாம் ஊருக்குப் போன பிறகு யார் நிற்பார்கள் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. அப்படியும் சொல்லவில்லை.

கடைசி நாள் மத்தியானம் சமையல் கொட்டகையில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். அறுபது எழுபது பேர். படகுத்துறைக்கு மாட்டப்போகும் பெயர்ப்பலகை துணி மூடிச் சுவரில் சாய்ந்திருந்தது. பழைய மேனேஜர் கைத்தடியோடு எழுந்தார். எழுபத்தெட்டு வயது, குரல் மட்டும் இளைக்கவில்லை.

"விசிலம்மாவைப் பத்திச் சொல்லணும்னா அந்தக் கதையைச் சொல்லாம முடியுமா?" என்று ஆரம்பித்தார். பாதிப் பேருக்குக் கதை தெரியும். முன்கூட்டியே சிரிக்கத் தயாரானார்கள். அவர் சொன்னார். துண்டு, கரை, ஏரிக்குள் அம்மா. கொட்டகை சிரித்தது. வாண்டுவும் மேசையைத் தட்டிச் சிரித்தாள். "இதோ, அந்தத் துண்டுக்காரியே இங்க இருக்கா. வாம்மா, நீ சொல்லு" என்று கையை நீட்டினார்.

மகள் எழுந்தாள். எழுதி வைத்திருந்த நாலு வார்த்தை பையிலேயே இருந்தது.

"வில்லை சிவப்பாத்தான் இருந்துச்சு" என்றாள்.

இன்னும் சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் திருப்பாம நாணல் வழியா ஏறிப் போயிட்டேன். விறகுக் கொட்டகையில ஒளிஞ்சுக்கிட்டேன். அம்மா விசில் ஊதினது கேட்டுச்சு. வரலை. அப்புறம் யாரும் பாக்காதப்போ வந்து திருப்பி வெச்சேன். கேட்டப்போ பொய் சொன்னேன். அம்மா கண்ணுல தப்பு இல்லை. தப்பான அலாரமும் இல்லை. அவங்க சரியாப் பாத்தாங்க, செய்ய வேண்டியதைச் செஞ்சாங்க. பலகைக்குக் கீழ இருக்கிற ரூல் என் பொய்யை வெச்சு எழுதினது. ஓடினாலே அஞ்சு நிமிஷம் நாப்பது விநாடி ஆகுது. அதை எடுத்துடுங்க."

பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார்.

"நானே பலகையைப் பார்த்தேனேம்மா" என்றார் பழைய மேனேஜர்.

"நான் திருப்பினதுக்கு அப்புறம் பார்த்தீங்க."

அவர் உட்கார்ந்தார். கைத்தடியின் பிடியைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மா என்கிட்ட ரெண்டு தடவை சொன்னாங்க" என்றார், யாரிடம் என்றில்லாமல். "சிவப்பு, சிவப்புன்னு." பிறகு அவளைப் பார்த்து, "பன்னெண்டு வயசுப் புள்ளைதானே நீ. விடும்மா" என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை. பக்கத்து மேசை மாமி எழுந்து வந்து முதுகைத் தடவினாள். "இவ்வளவு பேர் முன்னாடி ஒத்துக்க ஒரு தைரியம் வேணும்மா" என்றாள். யாரோ ஒருவர் கை தட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்துப் பேர் தட்டினார்கள். மகள் தலை நிமிரவில்லை. அம்மாவுக்கு இந்தக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷம் கிடைத்தது சிரிப்பு. மகளுக்குக் கைதட்டு.

சின்ன மேனேஜர் எழுந்து வெளியே போனான். விசில்காரப் பெண் பின்னால் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஏரிப் பக்கமிருந்து பெயின்டைச் சுரண்டும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் திரும்பி வந்து வாசலில் நின்றாள். "அக்கா, முதல் ரெண்டு வரியையும், மூணாவதுல 'அதன் பிறகே'யையும் எடுத்தாச்சு. சிவப்பா இருந்து ஆள் இல்லைன்னா நேரா மூணு விசில். சரிதானே?"

"சரி."

"ஆளு குடில்லயே இருந்தாலும்?"

"இருந்தாலும். பொய் அலாரமா இருந்தா சந்தோஷம்னு சொல்லிக் குடு."

அந்தப் பெண் தலையாட்டினாள். அவள் ஏதோ புதிதாகப் பயந்தவள் போல இருந்தாள். இந்தக் கோடையில் முதல் முறையாகத் தன் வேலை என்னவென்று தெரிந்துகொண்டவள் போல.

கூட்டம் கலைந்த பிறகு வாண்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். மகள் எதிரில் போய் அமர்ந்தாள்.

"பாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீ சொல்லவே இல்லையா?"

"இல்லை."

"ஆஸ்பத்திரியில இருந்தப்போகூடவா?"

"கேட்டாங்க. அப்பவும் சொல்லலை."

ஒன்பது வயதுக்கு இவ்வளவு வேண்டாம் என்று ஒரு கணம் நினைத்தாள். மறைக்க இனி எதுவும் கைவசம் இல்லை.

வாண்டு தட்டை ஓரமாகத் தள்ளினாள். "பாட்டி பாவம்" என்றாள். தன் அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு துண்டை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள்.

அன்று பிற்பகல் நீச்சல் நேரத்தில் மகள் படகுத்துறைக்குப் போகவில்லை. குடிலின் வாசற்படியில் இருந்தாள். அரை மணிக்கு ஒருமுறை விசில் கேட்டது, ஒன்றுதான். திரும்பி வந்த வாண்டு படியில் அவளைத் தாண்டிப் போய், ஈரத் தலையோடு மேல் கட்டிலில் ஏறிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தலையைத் துவட்டு என்று சொல்ல மகளுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. கோபம் தீர்ந்து குழந்தை தானாக இறங்கி வரும்வரை காத்திருப்பதுதான் நியாயம் என்று நினைத்தாள். எவ்வளவு நேரமானாலும். பெட்டியை இழுத்துத் தரையில் வைத்து, நாளைக்குப் போடும் துணியை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள்.